ரீகால்: திரும்ப அழைப்பதா, திருப்பி அழைப்பதா?

கலிபோர்னியாவில் இருக்கும் அக்கா மகள் ஒருநாள் போனில் கேட்டாள்: "மாமா, ஸ்கூல் போர்டு மெம்பரை ரீகால் பண்ணணும்னு கடை வாசல்ல நின்னு கையெழுத்து வாங்கறாங்க. அம்மாகிட்ட இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" "திரும்பக் கூப்பிடறாங்கன்னு சொல்லு" என்றேன். அவளும் அப்படியே சொல்லியிருக்கிறாள். அக்கா கேட்டுவிட்டு, "நல்ல மனுஷன் போலிருக்கு, மறுபடியும் வரச் சொல்றாங்களே" என்றாளாம்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. பேச்சுவழக்கில் 'திரும்ப' என்றால் 'மறுபடியும்' என்றுதான் காதில் விழும். திரும்பச் சொல், திரும்பப் படி, திரும்பக் கூப்பிடு. ரீகாலோ இதற்கு நேர் எதிர். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவரை, பதவிக்காலம் முடியும் முன்பே நாமே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புவது.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் அப்படியொன்றும் தெளிவானதில்லை. பிரேக் கோளாறு என்று கார் கம்பெனி வண்டிகளை வாங்கிக்கொள்வதும் ரீகால், மறந்துபோன பெயர் நினைவுக்கு வருவதும் ரீகால், தூதரை நாட்டுக்கு வரச் சொல்வதும் ரீகால். கலிபோர்னியாவின் வாக்குச்சீட்டைப் பார்த்தால் தெரியும். 'இன்னார் இந்தப் பதவியிலிருந்து ரீகால் செய்யப்பட (நீக்கப்பட) வேண்டுமா?' என்றுதான் கேள்வி இருக்கும். அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதும்படி சட்டமே சொல்கிறது. சொந்த ஊரிலேயே கோனார் நோட்ஸ் தேவைப்படும் சொல் இது.

அதன் பிறப்பும் கலப்புதான். முன்னொட்டு 'ரீ' லத்தீன். 'கால்' வடக்கே நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டும் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டன. அரசியலில் இதற்கு அழுத்தமான பொருள் கிடைத்த இடம், அமெரிக்க மாநிலங்கள் 1781இல் ஏற்ற கூட்டமைப்புச் சாசனம். தான் அனுப்பிய பிரதிநிதியை எப்போது வேண்டுமானாலும் ரீகால் செய்துவிட்டு, அவர் இடத்தில் வேறொருவரை அனுப்பும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உண்டு என்றது அது. அனுப்பியவர் யாரோ, அழைப்பவரும் அவரே. சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1787இல் எழுதிய அரசமைப்பில் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். பிறகு 1903இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரச் சாசனத்தில் அது மீண்டும் வந்தது. அதற்காக அலைந்தவர் ஜான் ராண்டால்ஃப் ஹேன்ஸ் என்ற டாக்டர். இந்த முறை அழைக்கும் அதிகாரம் வாக்காளர் கையில். 1911இல் கலிபோர்னியா முழுவதற்கும் அது சட்டமானது.

கவர்னர்கள் மேல் ரீகால் வந்தால் உலகச் செய்தி. 2003இல் கிரே டேவிஸ் போய் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் வந்தது நினைவிருக்கும். ஆனால் இந்த ஆயுதம் அதிகம் பாய்வது உள்ளூர் ஆட்கள் மேல்தான், குறிப்பாகப் பள்ளி வாரிய உறுப்பினர்கள் மேல். (ஸ்கூல் போர்டைக் 'கல்வி வாரியம்' என்று எழுதினால் சிபிஎஸ்இ மாதிரித் தேர்வு நடத்தும் அமைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். இது ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு. ஆகவே 'பள்ளி வாரியம்'.)

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது நல்ல உதாரணம். கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2021 ஜனவரியில், 44 பள்ளிகளின் பெயரை மாற்றப் பள்ளி வாரியம் 6க்கு 1 என்று தீர்மானம் போட்டது. பட்டியலில் லிங்கனும் வாஷிங்டனும் இருந்தார்கள். பிள்ளை எப்போது பள்ளிக்குப் போகும் என்று காத்திருந்த பெற்றோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே லோவல் உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் அடிப்படைச் சேர்க்கையைக் கைவிட்டதும், ஓர் உறுப்பினர் ஆசிய அமெரிக்கர்களைப் பற்றி 2016இல் போட்ட ட்வீட்களும் சேர்ந்துகொண்டன. கையெழுத்து இயக்கம் தொடங்கியது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனி மனு. வாக்கெடுப்பு நடக்க ஒவ்வொன்றுக்கும் செல்லத்தக்க கையெழுத்து 51,325 வேண்டும். ஏழு பேரில் மூவர் மேல் மட்டும்தான் மனுப் போட முடிந்தது, மற்ற நால்வரின் புதிய பதவிக்காலம் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்கவில்லை. 2022 பிப்ரவரி 15 அன்று அலிசன் காலின்ஸ், கேப்ரியேலா லோபஸ், ஃபாவுகா மோலிகா மூவரையும் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான வாக்குகளில் அனுப்பிவைத்தார்கள். அந்த ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தலில் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் ஓட்டு உண்டு; விசாவில் இருந்த நம்மூர்க்காரர்களும் பதிவு செய்திருந்தால் வாக்களித்திருக்கலாம்.

இதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? 'பதவி நீக்கம்' என்றால் சுலபமாகப் புரியும், ஆனால் யார் நீக்கினார்கள் என்பது தொலைந்துபோகும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவின்படி ஊராட்சித் தலைவரைக் கலெக்டர் நீக்கினாலும் அது பதவி நீக்கம்தான். அதில் ஓட்டுப் போட்டவருக்கு வேலையில்லை. 'நம்பிக்கையில்லாத் தீர்மானம்' அவைக்குள் உறுப்பினர்கள் செய்வது. 'திரும்பப் பெறுதல்' நமக்கு நன்றாகப் பழகியது. 'ஆளுநரைத் திரும்பப் பெறு' என்ற முழக்கத்தைக் கேட்காதவர் உண்டா? அங்கே அது சரியாகவே பொருந்துகிறது. அனுப்பியவர் குடியரசுத் தலைவர், அழைத்துக்கொள்ள வேண்டியவரும் அவரே. ஆனால் மனுவை, காரை, வழக்கை எல்லாம் திரும்பப் பெறுகிறோமே, தேர்ந்தெடுத்த ஆளையும் அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

உத்திரமேரூரில் சோழர் காலத்திலேயே இந்த உரிமை இருந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. முன்பு வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்கின்றன. குற்றம் காணப்பட்ட வாரியத்தாரை நீக்கவும் சொல்கின்றன. ஓட்டெடுத்து அனுப்புவது அங்கே இல்லை. ஆகவே ரீகாலுக்கு முன்னோடி என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் 'பள்ளி வாரியம்' என்று எழுதுகிறோமே, அந்த 'வாரியம்' அங்கே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று கல்லிலேயே இருக்கிறது.

ஈழத்தார் 'மீள்' சேர்த்து மீள்குடியேற்றம், மீளாய்வு என்று சரளமாக எழுதுவார்கள். அந்த வழியில் 'மீளழைப்பு' கச்சிதமான சொல், தலைப்புக்கு நன்றாக உட்காரும். ஆனால் வாயில் வராது. நான் எழுதுவது 'திருப்பி அழைத்தல்'. 'திரும்ப'வுக்கும் 'திருப்பி'க்கும் எழுத்தில் சின்ன மாற்றம்தான். ஆனால் கொடுத்த கடனைத் திருப்பி வாங்குகிறோம், பழுதான சாமானைத் திருப்பி அனுப்புகிறோம். கொடுத்தவன் கேட்கிறான் என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. முதல் முறை எழுதும்போது மட்டும் 'பதவியிலிருந்து திருப்பி அழைக்கும் வாக்கெடுப்பு' என்று முழுசாகப் போட்டுவிட்டால் அக்காவுக்கும் குழப்பம் வராது.

நம் நாட்டில் எம்.பி., எம்.எல்.ஏ.க்களைத் திருப்பி அழைக்க வழியில்லை. அதற்காக இந்திய கம்யூனிஸ்ட் எம்.பி. சி.கே.சந்திரப்பன் 1974இல் மக்களவையில் கொண்டுவந்த மசோதா தோற்றுப்போனது. சில மாநிலங்களில் உள்ளாட்சிக்கு மட்டும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவரை அப்படி அழைக்கும்போது வாக்காளர் முன் இருப்பவை இரண்டு படங்கள்: ஒன்று காலி நாற்காலி, மற்றொன்று ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. காலி நாற்காலி ஜெயித்தால் தலைவர் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும்.