ஷட்டர் இறங்கிய பிறகும் ஓடும் மீட்டர்

கட்டடத்தின் கார்பனைக் குறைக்கணும் என்றதும் பேச்சு நேரே மொட்டைமாடி சோலாருக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. இரவு அடைக்கும்போது மீட்டர் ரீடிங்கைக் குறியுங்கள். காலையில் திறக்குமுன் மறுபடி குறியுங்கள். நம்ம திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையோ பேட்டைப் பட்டறையோ, ஆளில்லாத நேரத்தில் போகும் யூனிட் அத்தனைக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். சி.டி. மீட்டராக (பெரிய லோடுக்கு, கரண்டைக் குறைத்து அளக்கும் மீட்டர்) இருந்தால் ரீடிங்கை அதற்குரிய பெருக்கு எண்ணால் பெருக்கணும். பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வையுங்கள். ராதாபுரத்தில் காற்றாலை சுற்றுவதால் நம்ம ஊர்க் கரண்டுக்குத் தனிச் சலுகை கிடையாது. எல்லாம் ஒரே கிரிட்டில் (மின் வலையமைப்பில்) கலக்கிறது, கணக்கு நாட்டுச் சராசரிதான்.

தொழிற்சாலையில் முதல் சந்தேகம் ஏர் கம்ப்ரசர் மேல் வரட்டும். காற்றில் ஓடும் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். எத்தனை நிமிடம் லோடில் (காற்றை அழுத்தி) ஓடுகிறது, எத்தனை நிமிடம் அன்லோடில் (காற்றை அழுத்தாமல்) நிற்கிறது என்று நாலைந்து சுற்று பாருங்கள். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் 8-க்கு 2. கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் கால்வாசி ஒழுகுகிறது. 20 எச்.பி. மெஷின் தினம் 10 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 37 யூனிட் வீண். சோப்புத் தண்ணீரைக் கப்ளிங், ஹோஸ் கிளிப், டிரெய்ன் வால்வில் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல், காற்று பத்தவில்லை என்று பிரஷரை 6-லிருந்து 7 பாருக்கு ஏற்றுகிறார்கள். பிரஷர் ஏற ஏற ஓட்டையில் ஒழுகுவதும் கூடும்.

கடைகளில் ஏசி. கோடைக்குக் கோடை 'கேஸ் டாப்-அப்' செய்வது கார்பன் கணக்கில் பெரிய குற்றம். பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கிட்டத்தட்ட 3,000 யூனிட் கரண்டு எரித்த மாதிரி. நைட்ரஜன் ஏற்றி ஒழுகும் ஃபிளேர் நட்டை (குழாய் இணைப்பு நட்டை) கண்டுபிடித்து, சரிசெய்து, வேக்குவம் போட்டு (குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), தராசில் எடை பார்த்துக் கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். பிரஷர் கேஜை மட்டும் பார்த்து மெக்கானிக் "போதும்ணே" என்றால் விடாதீர்கள்.

மாநகராட்சிக்கும் இதில் வேலை இருக்கிறது. 2017-ல் திருத்திய எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, மின் இணைப்பு 100 கிலோவாட் அல்லது 120 கே.வி.ஏ. தொடும் பெரிய கட்டடங்களுக்கானது. டவுன் ரத வீதிச் சின்னக் கடைகள் அதில் சிக்காது. அவற்றைப் பிடிக்க வேண்டிய இடம் பிளான் அப்ரூவல். மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்புக்கு வெளி நிழல், கூரைக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ், இரண்டையும் அங்கேயே கேட்டுவிடலாம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது. ஆடிக் காற்றுப் புழுதி படிந்தால் வெள்ளையும் பழுப்பாகிவிடும். மாதம் ஒருமுறை கழுவ மாடியில் ஒரு குழாயையும் பிளானிலேயே காட்டச் சொல்லணும்.