இதயத்தை விசிலடிக்க வைத்த ஆரஞ்சுப் பெட்டி

சிவப்பு வண்டி வந்து நிற்கும். இரண்டு பேர் இறங்குவார்கள். ஒருவர் கையில் மருந்துப் பெட்டி, இன்னொருவர் கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கனமான பெட்டி. விழுந்து கிடப்பவரின் பக்கத்தில் அதை வைத்துத் திறந்தால், உள்ளே டெலிபோன் ரிசீவர் ஒன்று இருக்கும். அதை எடுத்துக் காதில் வைத்து ராம்பார்ட் மருத்துவமனையைக் கூப்பிடுவார்கள். மறுமுனையில் கண்ணாடி அறைக்குள் டாக்டர் பிராக்கெட்டோ நர்ஸ் டிக்ஸியோ பதில் சொல்வார்கள். வாரம் தவறாமல் இதேதான். வாரம் தவறாமல் எனக்கு அலுத்ததும் இல்லை.

இதெல்லாம் நடப்பது ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரில். பெயர் 'எமர்ஜென்சி!'. 1972 ஜனவரியில் அமெரிக்காவின் என்.பி.சி.யில் தொடங்கி 1977 வரை சனிக்கிழமை இரவுகளில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத் தீயணைப்புத் துறையின் 51ஆம் நிலையம், அதில் ஜான் கேஜ், ராய் டிசோட்டோ என்ற இரண்டு பாராமெடிக்குகள், அதாவது நோயாளி இருக்கும் இடத்துக்கே போய் அவசர சிகிச்சை கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள். நிலையமும் மருத்துவமனையும் கற்பனை. ஆனால் நிலையமாகக் காட்டப்பட்ட கட்டடம் கார்சன் ஊரில் உள்ள நிஜமான 127ஆம் தீயணைப்பு நிலையம். ராம்பார்ட்டாக வந்தது டாரன்ஸ் பக்கம் இருந்த ஹார்பர் ஜெனரல் மருத்துவமனை. தீயணைப்பு வண்டியை ஓட்டிய மைக் ஸ்டோக்கர் நிஜத் தீயணைப்பு வீரர், சொந்தப் பெயரிலேயே நடித்தார். அழைப்பு மணி அடித்ததும் ஒலிக்கும் அந்த அலட்டிக்கொள்ளாத குரல்கூட நிஜமாகவே அந்த வேலையைப் பார்த்தவருடையதுதான். டிக்ஸியாக வந்த ஜூலி லண்டன் ஒரு புகழ்பெற்ற பாடகி. தொடரைத் தயாரித்த ஜாக் வெப் அவருடைய முன்னாள் கணவர். இன்னொரு டாக்டராக நடித்த பாபி ட்ரூப் அப்போதைய கணவர். படப்பிடிப்புத் தளத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ!

தொடர் வந்த காலத்தில் நான் பார்க்கவில்லை. வேலைக்காக அமெரிக்காவில் இருந்த நாட்களில், பழைய தொடர்களை மட்டுமே போடும் ஒரு சேனலில், தூக்கம் வராத இரவுகளில் பார்த்தேன். படித்தது எலெக்ட்ரானிக்ஸ் என்பதால் கண் முழுக்க அந்தப் பெட்டி மேல்தான். பயோஃபோன் என்று பெயர். நோயாளியின் மார்பில் ஒயர்களை ஒட்டி, "இரண்டாவது லீட் அனுப்புகிறோம்" என்று சொல்வார்கள். சில நொடிகளில் மருத்துவமனையில் காகிதச் சுருள் ஓடும், அதில் ஈசிஜி கோடு வரையப்படும். செல்போன் இல்லாத காலம். எப்படி அனுப்பினார்கள்?

அதற்கு முன்னால், ஏன் அனுப்ப வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். 1960களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்பது சவ அடக்க நிறுவனத்தின் வண்டி. நோயாளியைப் படுக்க வைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். 1966இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பாண்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை வண்டியில் ஏற்றி டாக்டரையே நோயாளியிடம் அனுப்பத் தொடங்கினார். அந்தக் கருவியின் எடை சுமார் 70 கிலோ, மின்சாரம் கார் பேட்டரிகளிலிருந்து. யோசனை பிரமாதம். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டாக்டர் என்றால் எந்த ஊருக்குக் கட்டுப்படியாகும்? மயாமியில் யூஜின் நேகல் என்ற மருத்துவர் வேறு வழி பிடித்தார். டாக்டர் மருத்துவமனையிலேயே இருக்கட்டும், தீயணைப்பு வீரர் போகட்டும், நடுவில் ரேடியோ இருக்கட்டும்.

கலிஃபோர்னியாவில் ஹார்பர் ஜெனரலின் டாக்டர் மைக்கேல் கிரைலி 1969இல் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி முடித்தும், கூடவே ஒரு நர்ஸ் இல்லாமல் அவர்கள் ஊசி போட முடியாது, ஷாக் கொடுக்க முடியாது. சட்டம் அப்படி. 1970இல் வெட்வொர்த்-டவுன்செண்ட் சட்டத்தில் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட பிறகுதான் வழி பிறந்தது. தொடரின் முதல் படமே இந்தச் சட்டத்தைப் பற்றியதுதான். அதில் டாக்டர் பிராக்கெட் முதலில் எதிர்ப்பார், தீயணைப்பு ஆட்கள் மருத்துவம் பார்ப்பதாவது என்று. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் நிலையில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்: நோயாளியின் இதயம் என்ன செய்கிறது என்று என் கண்ணால் பார்க்காமல் எப்படி மருந்து சொல்வது?

ஆரஞ்சுப் பெட்டி அந்தக் கேள்விக்கான பதில்.

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதன் தசைகளில் ஒரு மின் அலை பரவுகிறது. அதன் சாயல் தோலில் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் அளவுக்குத் தெரியும். இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வேறுபாட்டை அளந்தால் ஈசிஜி. 'இரண்டாவது லீட்' என்பது வலது கையிலிருந்து இடது காலை நோக்கிப் பார்க்கும் பார்வை. இதயத்தின் மின் அலை பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான் ஓடுகிறது. அதனால் கோடு எடுப்பாக வரும், துடிப்பின் ஒழுங்கைப் படிக்க வசதி.

ஒரு மில்லிவோல்ட்டை ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பெருக்கிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில். குரலுக்காகச் செய்த ரேடியோ சுமார் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். மனிதப் பேச்சு புரிய அது போதும் என்பதால் மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். இதயமோ விநாடிக்கு ஒன்றிரண்டு முறை துடிப்பது. ஈசிஜி அலையில் உள்ள நுணுக்கங்களையெல்லாம் சேர்த்தாலும் 100 ஹெர்ட்ஸைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆக, ரேடியோவின் வாசல் திறக்கும் இடத்துக்குக் கீழேயே இதயத்தின் சமாச்சாரம் முழுவதும் முடிந்துவிடுகிறது. அப்படியே அனுப்பினால் மறுமுனையில் ஒன்றும் வராது.

சரி, என்ன செய்யலாம்? வாசலுக்குள் நுழையக்கூடிய ஒரு ஒலியை எடுத்துக்கொண்டு, அதன் முதுகில் ஈசிஜியை ஏற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் இருந்த ஒரு மின்சுற்று, சுமார் 1,400 ஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஒரு விசில் ஒலியை உண்டாக்கும். ஈசிஜி மின்னழுத்தம் ஏறினால் விசிலின் சுருதி கொஞ்சம் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நாதஸ்வரக்காரர் கமகம் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு அசைவு. அந்த விசில் குரல் போகும் வழியிலேயே போகும், ரேடியோவுக்கு வித்தியாசம் தெரியாது. மருத்துவமனையில் உள்ள கருவி சுருதியின் ஏற்ற இறக்கத்தை மறுபடியும் மின்னழுத்தமாக மாற்றும், பேனா கோடு கிழிக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. விசிலின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தும் ஈசிஜியை அனுப்பியிருக்கலாமே, ஏன் சுருதியை மாற்றினார்கள்? ரேடியோ அலை கட்டடத்துக்குப் பின்னால் மங்கும், லாரி குறுக்கே போனால் தளரும். சத்தத்தில் சேதியை வைத்தால், லாரி போனதும் இதயம் நின்றதும் காகிதத்தில் ஒரே மாதிரி தெரிந்துவிடும்! சுருதியோ மங்காது. தூரத்திலிருந்து கேட்டாலும் 'ச' 'ச'தான். பண்பலை வானொலியில் இரைச்சல் குறைவாக இருப்பதும் இதே குடும்பத்துச் சூட்சுமம்தான்.

ஒரே வழி என்பதால் எளிய பெட்டிகளில் விசில் போகும்போது பேச முடியாது. தொடரில் கேஜ் ஈசிஜி அனுப்பும்போது எல்லாரும் கொஞ்சம் மௌனமாக நிற்பது நாடகத்துக்காக என்று நினைத்திருந்தேன். பாதிதான் நாடகம். இன்னொரு தொல்லையும் உண்டு. நோயாளி குளிரில் நடுங்கினால் அந்தத் தசைகளின் மின்சாரமும் கோட்டில் கலந்துவிடும், பார்ப்பதற்கு இதயம் தாறுமாறாகத் துடிப்பது போலவே இருக்கும். அதனால்தான் கோட்டை அனுப்பிவிட்டும் நாடியில் விரல் வைத்துப் பார்ப்பார்கள்.

நிஜமாகவே தாறுமாறாகத் துடித்தால்? அப்போது டிஃபிப்ரிலேட்டர். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்ற நிலையில் இதயத் தசைகள் ஆளாளுக்கு ஒரு தாளத்தில் துடிக்கும். கோலாட்டத்தில் ஒவ்வொருவரும் தன் பாட்டுக்குக் கோலைத் தட்டினால் எப்படி இருக்கும், அது மாதிரி. அசைவு இருக்கும், ரத்தம் மட்டும் வெளியே போகாது. ஷாக் நின்ற இதயத்தை ஓட வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. "எல்லாரும் நிறுத்துங்கள்" என்று ஒரு அதட்டல் போடுகிறது. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் அடங்கியதும், வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு தன் வழக்கமான தாளத்தை எடுத்துக் கொடுத்தால் மற்றவை பின்தொடரும். ஈசிஜி நேர்க்கோடாகப் போய்விட்டால் அதட்ட அங்கே யாரும் இல்லை, ஷாக் பயன்படாது. சினிமா இயக்குநர்கள் இதை எப்போது கேட்பார்களோ.

அந்தக் காலத்தில் டாக்டர் '400 வாட்-செகண்ட்' என்று சொல்வார். இன்றைய பேச்சில் 400 ஜூல். 40 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்கத் தேவையான ஆற்றல். கேட்க அதிகமில்லை. ஆனால் அது சில மில்லி விநாடிகளில் பாய வேண்டும். 5 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு 80,000 வாட்டில் வந்து நிற்கிறது. எந்தப் பேட்டரியும் நேரடியாக அவ்வளவு தராது. அதனால் பேட்டரி மின்சாரத்தை மின்மாற்றி வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்தி, கெபாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். 32 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 5,000 வோல்ட்டுக்கு நிரப்பினால் சரியாக 400 ஜூல். சொட்டுச் சொட்டாக நிரப்பிய குடத்தை ஒரே மூச்சில் கவிழ்ப்பது போல. மார்பில் வைத்து அழுத்தும் பேடில்களில் பசை தடவுவது தோலின் மின்தடையைக் குறைக்க. இல்லாவிட்டால் ஆற்றலில் ஒரு பங்கு தோலைச் சுடுவதிலேயே போய்விடும்.

தொடரை நினைவில் வைத்திருப்பவர்கள் மறக்காத இன்னொன்று, வாராவாரம் ஏற்றப்படும் டிரிப். இதய நோயாளிக்குப் பெரும்பாலும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், மெதுவாக, மருந்து செலுத்த ரத்தக் குழாய் திறந்திருந்தால் போதும் என்பதற்காக. ரத்தம் இழந்தவருக்கு ரிங்கர்ஸ் லாக்டேட். நம் ஊர் மருத்துவமனைகளில் 'ஆர்.எல். பாட்டில்' என்கிறோமே, அதேதான். கேஜ் தொங்கவிட்ட பாட்டில் இன்றும் தொங்குகிறது. ஆனால் இதயம் நின்றவருக்கெல்லாம் அன்று தாராளமாகக் கொடுத்த சோடியம் பைகார்பனேட்டை இப்போது வழக்கமாகக் கொடுப்பதில்லை. பழைய பாகங்களைப் பார்க்கும்போது, அந்த ஊசியை எடுக்கிற இடத்தில் மட்டும் "வேண்டாம்பா" என்று சொல்லத் தோன்றும்.

ஆரஞ்சுப் பெட்டியின் கதை கொஞ்சம் வேடிக்கையாக முடிந்தது. தினமும் கோட்டை அனுப்பி அனுப்பி, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக் கேட்டு, பாராமெடிக்குகளே அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1980களில் பல ஊர்களில் ஈசிஜி அனுப்புவதே நின்றுபோனது. கோடு என்ன சொல்கிறது என்று வாயால் சொன்னால் போதும் என்றானது. அப்புறம், மாரடைப்பில் அடைபட்ட குழாயை உடனே திறக்க வேண்டும் என்ற சிகிச்சை வந்ததும், மருத்துவமனை முன்கூட்டியே தயாராக இருப்பதற்காகப் இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் பன்னிரண்டு லீட் ஈசிஜி மறுபடியும் வண்டியிலிருந்து பறக்கத் தொடங்கியது. இந்த முறை செல்போன் வழியாக, எண்களாக. விசில் இல்லை.

2000ஆம் ஆண்டில் தொடரின் தலைக்கவசங்களையும் கருவிகளையும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. ஆரஞ்சுப் பெட்டியும் அவற்றில் உண்டு.