கழி தரையைப் பிடிக்கிறது: கேனோவில் நின்று ஊன்றிச் செல்லும் இயற்பியல்

கேனோ எனும் ஒடுங்கிய, லேசான படகில் ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவர் கையை ஒரு கணம் நிறுத்தினாலும் படகு பின்னால் போகத் தொடங்கிவிடும். அதே படகில் எழுந்து நின்று, நீளமான கழி ஒன்றை ஆற்றின் அடித்தரையில் ஊன்றிப் பிடித்திருப்பவர் நிதானமாக மூச்சு வாங்கலாம், அடுத்த பாறையைப் பார்த்து வழியைத் தீர்மானிக்கலாம். படகு அங்கேயே நிற்கும். இதற்குக் கை பலம் காரணமல்ல. துடுப்பு தள்ளும் தண்ணீர் விலகிப் போய்விடுகிறது. கழி தள்ளும் தரை நகர்வதில்லை.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். ஆறு நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கரையிலிருந்து பார்க்கையில் படகு நொடிக்கு 0.5 மீட்டர் முன்னேற வேண்டும். அப்படியானால் தண்ணீரைப் பொறுத்தவரை படகின் வேகம் 2 மீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் படகைப் பின்னுக்கு இழுக்கும் விசை 36 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். துடுப்புக்காரர் இந்த விசையைத் தண்ணீர் சார்ந்த வேகத்தோடு பெருக்க வேண்டும்: 72 வாட். துடுப்பு பின்னால் தள்ளிவிட்ட தண்ணீரோடு வீணாகும் ஆற்றல் தனி. கழிக்காரருக்குத் தரை சார்ந்த வேகம் போதும்: 36 × 0.5, அதாவது 18 வாட். கால் பங்கு. படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும்போது இயந்திரவியல் கணக்கில் வேலை சுழியம். தசை மட்டும் கொஞ்சம் களைக்கும்.

இந்த லாபமெல்லாம் கழி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான். தூக்கிய நொடியிலிருந்து ஆறு படகை எடுத்துக்கொள்கிறது. ஆளும் படகுமாக 105 கிலோ என்றால், 36 நியூட்டன் இழுவை வேகத்தை நொடிக்கு 0.34 மீட்டர் வீதம் குறைக்கும். 0.5 மீட்டர் வேகத்தில் போன படகு, கழியை மறுபடி ஊன்ற ஒன்றரை நொடி எடுத்தாலே ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கும் மேல் தாமதித்தால் பின்னோக்கி நகரும். ஆகவே எதிரோட்டத்தில் ஏறுவதற்கு, பலமாகத் தள்ளுவதைவிடச் சீக்கிரம் எடுத்து ஊன்றுவது முக்கியம். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆனால் முதலில் நிற்க வேண்டுமே. உட்கார்ந்தால் அசையாத படகு, எழுந்ததும் உயிர் வந்ததுபோல் ஆடுவது ஏன்? மிதக்கும் பொருள் சற்றுச் சாயும்போது, தண்ணீரின் மேல்நோக்கு விசை புதிய இடத்திலிருந்து செயல்படும். அந்த விசைக்கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். 1746இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் இதை விளக்கினார். மொத்த ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும் வரை படகு தானாக நிமிரும். 4.6 மீட்டர் நீளமும், நீர்மட்டத்தில் 80 செ.மீ. அகலமும் உள்ள 30 கிலோ கேனோவில் 75 கிலோ ஆள் இருந்தால், மெட்டாசென்டர் படகின் அடியிலிருந்து சுமார் 87 செ.மீ. உயரத்தில் வரும். ஆள் உட்கார்ந்தால் மொத்த ஈர்ப்பு மையம் 41 செ.மீ. உயரத்தில் இருக்கும். எழுந்து நின்றால் 74 செ.மீ. ஆகிவிடும். 46 செ.மீ. ஆக இருந்த பாதுகாப்பு இடைவெளி 13 செ.மீ. ஆகச் சுருங்கிவிட்டது, ஆனால் போய்விடவில்லை. படகின் அகலத்தைப் பார்த்து வாங்கச் சொல்வதும் இதனால்தான்: நிலைத்தன்மை அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. 90 செ.மீ. அகலத்தை 80 ஆகக் குறைத்தால் அடிப்பாகம் தரும் தாங்குதல் 30 சதவீதம் போய்விடும்.

இன்னொரு எண் இதைவிட முக்கியம். நின்ற நிலையில் படகு 10 பாகை சாய்ந்தால், அது தானே நிமிர எடுக்கும் திருப்புவிசை ஏறத்தாழ 23 நியூட்டன்-மீட்டர். பாதங்களை 40 செ.மீ. அகற்றி நிற்கும் அதே ஆள், எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றினால் கிடைப்பது 147. ஆறு மடங்குக்கும் மேல்! நிற்கும்போது சமநிலையைக் காப்பது பெரும்பாலும் கால்தான், படகின் வடிவம் அல்ல. முழங்காலை விறைப்பாக்கி நிற்பவர் இந்தக் கருவியைத் தானே பூட்டி வைத்துவிடுகிறார்: படகு சாயும் அளவுக்கு உடம்பும் சாயும். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் இடுப்புக்குக் கீழே படகு ஆடும், மேலே உடம்பு நேராக நிற்கும். பார்வையும் இதற்கு உதவும். தூரத்துக் கரையைப் பார்க்கும் கண் மூளைக்கு அசையாத கோடு ஒன்றைத் தருகிறது. பாதத்தையே பார்க்கும் கண்ணுக்கு ஆடும் படகுதான் தெரியும்.

அதனால் கழியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அரை மணி நேரம் வெறுங்கையோடு பயிற்சி வேண்டும். காற்றில்லாத நாளில், ஓட்டமில்லாத, தொடை அளவு ஆழத் தண்ணீர்; அடியில் மணலோ சரளையோ இருக்க வேண்டும். மிதவை அங்கியைக் கரையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். நடுக் குறுக்குக்கட்டைக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு பாதம். கட்டை கெண்டைக்காலையோ முழங்காலையோ உரசினால் நல்லது. படகு எந்தப் பக்கம் போகிறது என்பது கண்ணுக்கு முன் காலுக்குத் தெரிந்துவிடும். பிறகு வேண்டுமென்றே இடம் வலமாகப் படகை ஆட்டுங்கள், முதலில் மெதுவாக, பிறகு விளிம்பு தண்ணீரை நெருங்கும் அளவுக்கு. ஒருமுறை விழுந்தாலும் பரவாயில்லை. எவ்வளவு சாய்ந்தால் விழுவோம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு பயம் பாதியாகிவிடும்.

கழியின் வழக்கமான நீளம் 3.6 மீட்டர். மரமானால் விட்டம் 32 முதல் 35 மி.மீ., அலுமினியக் குழாயானால் 29 மி.மீ. அளவு. மெல்லிய கழி கைக்கு இதமாக இருக்கும், ஆனால் தள்ளும்போது வளைந்துவிடும். இதைக் கணக்கிட 18ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் கண்ட சூத்திரம் உதவுகிறது: வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 33 மி.மீ. மரக்கழி முழு நீளத்தில் சுமார் 440 நியூட்டன் தாங்கும், 25 மி.மீ. கழி 150 நியூட்டனிலேயே நெளிந்துவிடும். கை கழியின் நுனிக்குப் போயிருக்கும் கடைசித் தள்ளலில் முழு நீளமும் சுமையேற்கிறது. மெல்லிய கழி ஏமாற்றுவதும் அங்கேதான். அடிமுனையில் இரும்புப் பூண் இருந்தால் மரம் பிளக்காது, கல்லையும் கடித்துப் பிடிக்கும். சேற்றுத் தரைக்கு இதுவே பாதகம், ஏனென்றால் கூரான முனை இறங்கிக்கொண்டே போகும். அங்கே அகன்ற பாதம் வைத்த கழி வேண்டும். அலுமினியக் குழாயின் இரு முனைகளையும் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அடைக்காத குழாய் கைதவறினால் மூழ்கிவிடும்.

இப்போது ஊன்றுதல். கழி வலப்பக்கம் என்று கொள்வோம். உடம்பை வலப்பக்கம் சுமார் 45 பாகை திருப்பி, இடக்காலைச் சற்று முன்னால் வையுங்கள். கட்டைவிரல்கள் இரண்டும் மேல்நோக்கி இருக்கட்டும். கழியை எறிய வேண்டாம்; கீழ்க்கையைத் தளர்த்தினால் தன் எடையிலேயே படகின் விளிம்பை ஒட்டி இறங்கும். முனை உங்கள் பின்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொட வேண்டும். முன்னால் தொட்டால் கழி பிரேக் போட்டுவிடும். தொட்டதும் இடுப்பிலிருந்து எடையைக் கொடுத்துத் தள்ளுங்கள். படகு முன்னே போகப் போக, கயிறு ஏறுவதுபோல் கைமாற்றிக் கைமாற்றிக் கழியின் மேல்நுனி வரை ஏறுங்கள். கடைசியில் இரு கையாலும் ஒரு நீண்ட உந்து. உடனே கழியைப் பின்னாலிருந்து உருவி முன்னே கொண்டுவந்து மறுபடி விடுங்கள். 60 செ.மீ. ஆழத்தில் இந்த ஓர் ஊன்றல் படகை 3 மீட்டர் வரை கொண்டுபோகும். இடுப்பளவுக்கு மேல் ஆழம் போனால் கழியின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய், சாய்த்துத் தள்ள நீளம் மிஞ்சாது. அங்கே துடுப்பை எடுப்பதே புத்தி.

தரை எப்படிப்பட்டது என்று கழியே சொல்லும். கல்லில் பட்டால் டக்கென்ற அதிர்வு உள்ளங்கை வரை வரும். சரளையில் நறநறவென்று அரைபடும். மணலில் மந்தமான உராய்வு மட்டும். சேற்றில் சத்தமே இருக்காது. முனை நின்றதா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் கையில் இருக்கும். இந்தச் செய்தியைக் கேட்டபிறகே எடையைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வழுக்குவதும் சிக்குவதும் இங்கேதான் முடிவாகிறது. வழவழப்பான பாறையில் பூணுக்கும் கல்லுக்கும் இடையே உராய்வெண் (பிடிப்பின் அளவு) 0.5 என்றால், கழி செங்குத்திலிருந்து 27 பாகைக்கு மேல் சாய்ந்ததும் வழுக்கும். 3 மீட்டர் நீளும் முழு ஊன்றலின் முடிவில் சாய்வு 65 பாகையைத் தொடும். முனைக்குப் பின்னால் ஒரு வெடிப்போ பதிந்த கல்லோ இருந்தால் மட்டுமே அது நிற்கும். வெற்றுப் பாறையில் குட்டை ஊன்றல்களே கைகொடுக்கும்.

கற்கிறவர்கள் விழுவதற்கு முதல் காரணம் கழியின் மேல் சாய்வதுதான். தள்ளுவது வேறு, சாய்வது வேறு. எடை எப்போதும் இரு பாதங்களுக்கு மேல் இருக்க வேண்டும். முனை வழுக்கினாலும் நீங்கள் நின்ற நிலையிலேயே நிற்பீர்களா என்று ஒவ்வொரு ஊன்றலிலும் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த காரணம் சிக்கிய கழி. சேற்றிலோ கல்லிடுக்கிலோ முனை மாட்டிக்கொள்ளும். படகோ நகர்ந்துகொண்டே இருக்கும். கழி தரையின் பக்கம், கால் படகின் பக்கம். இரண்டையும் பிடித்துக்கொள்ள நினைப்பவர் நடுவில் தண்ணீரில் விழுவார். இழுப்பதற்கு முன் கழியை ஒருமுறை முறுக்கினால் சேற்றின் பிடி பெரும்பாலும் விடும். விடாவிட்டால் கையை விட்டுவிடுங்கள். எடுத்துவரப் படகில் ஒரு துடுப்பு எப்போதும் கிடக்க வேண்டும்.

படகு நேராகப் போகாததும் ஆரம்பத்தில் எரிச்சலூட்டும். வலப்பக்க விளிம்பிலிருந்து தள்ளும் விசை நடுக்கோட்டுக்கு 40 செ.மீ. விலகி இருப்பதால், முன்முனையான அணியம் இடப்பக்கம் திரும்பும். கழியை விளிம்போடு ஒட்டி, நடுக்கோட்டுக்கு இணையாக வைத்தால் இது குறையும். மிச்சத்தைத் தள்ளலின் முடிவில் திருத்தலாம்: பின்முனையான அமரத்தைக் கழியிலிருந்து அப்பால் தள்ளினால் அணியம் கழிப்பக்கம் திரும்பும். எதிரோட்டத்தில் அணியம் சற்று விலகினாலே ஆறு அதைப் பிடித்துப் படகைக் குறுக்காகப் போட்டுவிடும். இதற்குத் தீர்வு எடையைப் பின்னால் வைப்பது. அமரம் ஆழமாகவும் அணியம் தூக்கலாகவும் இருந்தால், காற்றுக்காட்டியின் வால்போல அமரம் ஓட்டத்தோடு ஒத்து நிற்கும்.

ஓட்டத்தோடு இறங்கும்போது இதெல்லாம் புரண்டுவிடும். கனம் எப்போதும் ஓட்டம் போகும் திசையிலுள்ள முனையில் இருக்க வேண்டும் என்பதால், நீங்கள் முன்னால் நகர்ந்து நிற்க வேண்டும்; கழியை முன்னால் ஊன்றிப் படகைத் தண்ணீரைவிட மெதுவாக இறக்க வேண்டும். அப்போது கழியின் மேல்நுனி உங்கள் நெஞ்சுக்கு நேராக இருக்கக் கூடாது. முனை கல்லில் மாட்டினால், 105 கிலோ எடை நகரும் வேகத்தோடு கழி ஈட்டியாக வரும். எப்போதும் உடம்புக்குப் பக்கவாட்டில் ஊன்றுங்கள்.

விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கி, தட்டையாக விழப் பாருங்கள். ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகப் போகவே கூடாது. பாறை உள்ள ஆற்றில் தலைக்கவசம் கட்டாயம். ஓடும் தண்ணீரில் உடனே எழுந்து நிற்க முயலாதீர்கள்: கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் ஆறு உடம்பை முன்னே தள்ளி முகத்தை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மேலே மிதக்க விட்டு, ஓட்டம் தணிந்த இடம்வரை போங்கள். நீர் நிரம்பிய கேனோவில் சில நூறு லிட்டர் தண்ணீர் இருக்கும். அதற்கும் ஒரு பாறைக்கும் நடுவில் நீங்கள் இருக்கக் கூடாது. படகுக்கு மேல்பக்கம், ஓட்டம் வரும் திசையில் இருங்கள்.