ரவுட்டரா, டேபிளா, ஷேப்பரா? முதலில் பிட்டின் அகலத்தைச் சொல்லுங்கள்

மரத்தில் காடியும் ஓர டிசைனும் வெட்டுகிற ரவுட்டரைப் புதிதாக வாங்கலாமா, இருக்கிறதையே டேபிளில் கவிழ்த்து மாட்டிக்கொள்ளலாமா, இல்லை ஒரேயடியாக ஓர டிசைன் வெட்டுகிற பெரிய மெஷினான ஷேப்பருக்குப் போய்விடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் ஓட்டப்போகிற பிட்டிலேயே, அதாவது சுற்றி வெட்டுகிற அலகிலேயே, பெரியது எவ்வளவு அகலம்?

கை ரவுட்டர் நிமிடத்துக்கு 22,000, 24,000 சுற்று சுற்றும். 1 அங்குல பிட்டுக்கு அது சரி. பேனல் கதவுக்குப் போடும் 3½ அங்குல பிட்டை அதே வேகத்தில் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் பாயும். அதைக் கையில் பிடித்து ஓட்டவே கூடாது. டேபிளில் கவிழ்த்து மாட்டி, வேகத்தைப் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு இறக்கித்தான் ஓட்ட வேண்டும். அதனால் வேகத்தைக் குறைக்கிற வசதி இல்லாத ரவுட்டரை டேபிளுக்கென்று வாங்காதீர்கள். பிட்டின் தண்டான ஷாங்கைக் கவ்விப் பிடிக்கிற காலெட்டும் ½ அங்குலமாக இருக்கட்டும், ¼ அங்குல ஷாங்கைவிட ½ அங்குல ஷாங்க் 16 மடங்கு விறைப்பு.

டேபிளில் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும், பிட் சுற்றுவதற்கு எதிராக. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குறுகலான ரீப்பரை நான் மாற்றித் தள்ளிவிட்டேன். பிட் அதைக் கவ்வி இழுத்த இழுப்பில் ரீப்பர் கையைவிட்டுப் பறந்து சுவரில் போய் அடித்தது, அதைப் பிடித்திருந்த விரல் பிட்டுக்கு ஒரு நெல்மணி தூரத்தில் நின்றது. அன்றிலிருந்து குறுகலான துண்டை நான் டேபிளுக்குக் கொண்டுபோவதே இல்லை. அகலப் பலகையின் ஓரத்தில் டிசைனை ஓட்டிவிட்டு, அப்புறம் வேண்டிய அளவுக்கு அறுத்து எடுக்கிறேன். மரத்தை ஒட்டித் தள்ளுகிற தடுப்பான ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் மரத்தை விடுவதும் இதே ஆபத்துதான்.

ஷேப்பர் வேறு ஜாதி. 7,000, 10,000 சுற்றுதான், ஆனால் கனமான மோட்டார், வெட்டுகிற அலகைத் தாங்கிச் சுற்றும் தடித்த ஸ்பிண்டில். டேபிளில் மூன்று நான்கு தடவை ஓட்டி எடுக்கிற ஆழத்தை ஒன்றிரண்டு ஓட்டத்தில் எடுத்துவிடும், சத்தமும் குறைவு. நாள் முழுக்கக் கதவுச் சட்டமும் மோல்டிங்கும் ஓட்டுகிறவருக்கு அதுதான் சரி, கூடவே மரத்தைத் தானாகத் தள்ளும் ஃபீடரும் வேண்டும், ஏனென்றால் அந்த பலத்துக்குக் கை எதிர் நிற்காது. ஆனால் சின்ன பிட்டுக்கு அந்த வேகம் போதாது, வெட்டு அலை அலையாக வரும். கீல் பதிக்க, நடுப்பலகையில் காடி எடுக்க மெஷின்தான் மரத்திடம் போக வேண்டும், அதற்குக் கை ரவுட்டர் இல்லாமல் முடியாது. மாதம் நாலைந்து கதவு செய்கிறவருக்கு ஷேப்பர் வேண்டாம் என்பேன். நல்ல ரவுட்டரும் சொந்தமாகச் செய்த டேபிளும் போதும்.

எதை வாங்கினாலும் காதுக்கு மஃப், மூக்குக்கு நல்ல மாஸ்க், தூசி உறிஞ்சி மூன்றையும் கணக்கில் சேருங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது.

ரவுட்டரில் பிட் மாற்றும்போது முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஷாங்கை அடிவரை இறக்கி, 2-3 மி.மீ. மேலே இழுத்து, அப்புறம் இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் காலெட் சரியாகக் கவ்வாது, ஓடும்போது பிட் நழுவும். கழற்றிய ஷாங்கில் கருப்பு வளையம் தெரிந்தால் பிட் ஏற்கெனவே நழுவியிருக்கிறது. அந்தக் காலெட்டை அன்றே மாற்றிவிடுங்கள்.