விரலை வைத்து அளந்து காரை இறக்காதீர்கள்

மறுபடியும் உட்பக்கம் மட்டும் தேய்ந்த ஒரு சோடி முன் டயர். வெளியில் நின்று பார்த்தால் புது டயர் என்றே சொல்லலாம். சில்லை முழுதாகத் திருப்பிவிட்டு, கையை உள்ளே விட்டு ஓரத்தைத் தடவினால் கம்பி குத்துகிறது. கார் டொயோட்டா 86. கொயிலோவர், அதாவது திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட், போட்டு, நன்றாக இறக்கி, அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கிற கோணம்) பார்க்காமலே ஓடியிருக்கிறார்கள். அதற்கு முந்திய வாரம்தான் கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறி, காலி வரை போய் வந்தாராம் அந்தத் தம்பி, அதே டயரோடு. மணிக்கு 100 கிலோமீற்றரில் அது வெடித்திருந்தால் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, டயரை மாத்திட்டு முன்பக்கம் இன்னும் ரெண்டு விரல் இறக்க ஏலுமா?"

ரெண்டு விரல்! டயருக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் நம்மூர் அளவுகோல். என் விரல் ஒரு தடிப்பு, உங்கள் விரல் ஒரு தடிப்பு. டயரில் காற்று குறைந்தால் உயரம் மாறும், டயர் சைஸ் மாறினால் இடைவெளி மாறும். சஸ்பென்ஷன் எங்கே நிற்கிறது என்பதை அந்த இடைவெளி சொல்லவே சொல்லாது. அளக்க வேண்டியது சில்லின் நடு மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை உள்ள நேர்த்தூரம். சமதரையில் நிறுத்தி, டயர்களுக்குச் சரியான காற்று அடித்து, பழைய சாமானைக் கழற்ற முன்னரே நாலு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு அளவு நாடாவும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். இதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு.

சரி, எனக்கு ஆகக் கோபம் வருகிற விசயத்துக்கு வருகிறேன். "எவ்வளவு இறக்குறோமோ அவ்வளவு ரோட்டில் ஒட்டும்." யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, வருகிற எல்லோர் வாயிலும் இதே வசனம். பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது.

86இன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 460 மில்லிமீற்றரில் இருக்கிறது. கம்பனி அந்தக் காரை விற்றதே அதைச் சொல்லித்தான். நீங்கள் 30 மில்லிமீற்றர் இறக்கினால், வளைவில் உட்பக்கச் சில்லிலிருந்து வெளிப்பக்கச் சில்லுக்குப் போகிற பாரம் ஏறக்குறைய 6 வீதம் குறையும். நல்லது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 86இன் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷொக்கே சில்லை மேலே பிடிக்கிற தூணாக நிற்கும் அமைப்பு. சிவிக், லான்சர், இம்ப்ரெஸா என்று நம்மூர்ப் பொடியன்கள் ஆசைப்படுகிற கார்களில் நிறைய அதே அமைப்புத்தான். அதில் காரை இறக்கும்போது, சில்லைக் காரின் அடியோடு இணைக்கிற லோவர் ஆர்ம் வெளிப்பக்கமாக மேல்நோக்கிச் சாயத் தொடங்கும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். புவியீர்ப்பு மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடும். அந்தத் தூரம்தான் காரைச் சரிக்கிற நெம்புகோல். ஆக, அதே ஸ்பிரிங்கோடு காரை மட்டும் இறக்கினால் கார் குறைவாக அல்ல, கூடுதலாகவே சரியும்.

"இல்லை அண்ணா, எனக்கு இப்ப நல்லாத்தானே திரும்புது" என்பார்கள். திரும்பும். ஏனென்றால் கொயிலோவரோடு வந்த ஸ்பிரிங் பழையதைவிடக் கடினம், ஷொக்கும் இறுக்கம். நன்மை செய்தது அவை இரண்டும். பெயர் மட்டும் உயரத்துக்குப் போகிறது. நம்பாவிட்டால் அதே கொயிலோவரை 20 மில்லிமீற்றர் உயர்த்தி, அலைன்மென்ட் செய்து, ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். உயர்த்திய பிறகு கார் முன்னரைவிட நன்றாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டுகுருந்த பந்தயத் தடத்தில் நேரம் பார்த்து ஓடுகிற ஆட்களின் கார்களைப் போய்ப் பாருங்கள். மட்கார்ட்டுக்குள் டயர் புதைந்த கார் அங்கே முன்னுக்கு நிற்காது.

இன்னொன்று, சில்லு மேலே எழும்ப இடம் வேண்டும். பம்ப் ஸ்டொப் என்கிற தடுப்பு ரப்பரில் முட்ட 80 மில்லிமீற்றர் இடம் உள்ள காரை 50 இறக்கினால் மிச்சம் 30. பின்னால் இரண்டு பேர் ஏறி இருந்தால் அதிலும் பாதி போய்விடும். அப்புறம் காலி வீதியில் ஒரு மேன்ஹோல் மூடி வந்தால் நேராக ஸ்டொப்பில் அடிக்கும். ஸ்பிரிங் என்று ஒன்று இருந்தும் இல்லாத நிலை அது. வளைவின் நடுவில் முன்பக்கம் அப்படி முட்டினால் கார் திரும்பாமல் நேரே போகும், பின்பக்கம் முட்டினால் வால் வீசும். மழை ஈரத்தில் இதைச் சந்தித்தவர்கள் "டயர் சரியில்லை" என்று டயர்க் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம், காரை இறக்கினால் ஏன் மாறுகிறது என்று நான் இங்கே விளக்கப் போவதில்லை. ஸ்டியரிங் ரொட் இருக்கிற இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்தால் விளங்கும். உயரத்தை 5 மில்லிமீற்றர் மாற்றினாலும் அலைன்மென்ட் திரும்பப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் சொன்ன அந்த டயரைத் தின்றது கெம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சில்லு சாய்ந்து நிற்கிற கோணம்) அல்ல, டோ. கெம்பர் கொஞ்சம் கூடினாலும் டயர் பல ஆயிரம் கிலோமீற்றர் தாங்கும். டோ பிழைத்தால் சில கிழமைதான்.

கொயிலோவரில் இரண்டு சாதி உண்டு என்பதையாவது வாங்க முன்னர் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைச் சுற்றித்தான் உயரம் மாறும். இறக்க இறக்க ஷொக்கின் ஓட்டம் குறையும், ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தளர்ந்து, ஜக் போட்டுத் தூக்கினால் இருக்கையை விட்டு நகரும். மற்றதில் அடிப் பிராக்கெட் தனியாகத் திருகு மரையில் ஏறி இறங்கும். ஷொக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் வளையத்தைச் சுற்றிக் காரை இறக்குகிற மெக்கானிக்மாரைப் பார்த்துவிட்டேன். தலையில் அடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. அந்த வளையத்தை மேலே ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பதும் பிழை. 8 கிலோ ஸ்பிரிங் எப்படிச் சுற்றினாலும் 8 கிலோதான்: ஒரு மில்லிமீற்றர் அமுக்க 8 கிலோ வேண்டும். உயர்த்துகிற பக்கமும் ஆபத்து உண்டு. அடிப் பிராக்கெட்டுக்குள் எவ்வளவு மரை குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தாளில் போட்டிருப்பார். அதைத் தாண்டி வெளியே எடுத்தால் ஒரு குழியில் கழன்று வரும்.

திருகுக் கணக்கும் எல்லாக் காருக்கும் ஒன்றல்ல. மரை இடைவெளி 2 மில்லிமீற்றர் என்றால் பத்துச் சுற்றுக்கு 20. ஸ்ட்ரட் வகையில் சில்லிலும் ஏறக்குறைய அதே 20 இறங்கும். ஆனால் மஸ்டா ஆர்எக்ஸ்-8 போல முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு ஆர்ம், உள்ள காரில், ஷொக் ஆர்மின் உட்பக்கமாகப் பூட்டியிருப்பதால், சில்லில் அதைவிடக் கூட இறங்கும். சுற்றை எண்ணிக்கொண்டிருக்காமல் ஒவ்வொரு தடவையும் காரை ஜக்கிலிருந்து தரைக்கு விட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, அளவு நாடாவால் பாருங்கள்.

இனி ரப்பர் புஷ், ஆர்ம் பூட்டுகிற இடத்தில் இருக்கிற ரப்பர் உருளை. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஹொயிஸ்டில் கார் தொங்கும்போது, சில்லுகள் காற்றில் இருக்கும்போது, லோவர் ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்க வேண்டாம். புஷ்ஷின் நடு இரும்பும் வெளி இரும்பும் ரப்பரோடு ஒட்டியவை. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுத் தரையில் இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே அந்த ரப்பர் பிழிகிற துணி மாதிரி முறுகி நிற்கும். ஒவ்வொரு மேட்டிலும் மேலும் முறுகிச் சில மாதத்தில் கிழியும். கை அளவுக்குப் பூட்டி, காரின் பாரம் முழுவதும் சில்லில் இறங்கிய பிறகுதான் டோர்க் ரென்ச் போட வேண்டும். குழியில் நின்றோ, சில்லுக்குக் கீழே பலகை கொடுத்தோ செய்யலாம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் "கொயிலோவர் போட்டதிலிருந்து கட கட சத்தம்" என்று கார்கள் வருகின்றன.

அதுவும் நம்மிடம் இருப்பவை இளங்கார்கள் இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆர்எக்ஸ்-8 உற்பத்தியே 2012இல் முடிந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து மாற்றாத புஷ்ஷும் போல் ஜொயின்ட்டும் உள்ள காரில் விலைகூடிய கொயிலோவர் போட்டு என்ன பயன்? முதலில் ரப்பரை மாற்றுங்கள். ஷொக்குக்குக் காசு மிஞ்சினால் பிறகு பார்க்கலாம்.

பாவித்த கொயிலோவர் தேடிப் பஞ்சிகாவத்தைக்கும் தெல்கந்தைக்கும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானில் பனிப் பிரதேசத்தில் ஓடிய காரிலிருந்து கழற்றியது என்றால் வீதியில் கொட்டிய உப்பு மரையைத் தின்றிருக்கும். வளையம் கையால் அசைய வேண்டும். கடைக்காரர் சுத்தியலும் உளியும் எடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். தண்டை முழுதாக அமுக்கி விட்டால் நிதானமாகத் திரும்பி எழும்ப வேண்டும், எண்ணெய் ஈரம் இருக்கவே கூடாது. ஸ்பிரிங்கில் அச்சடித்திருக்கும் நீளம், உள்விட்டம், கிலோ மூன்றையும் இடம் வலம் ஒப்பிடுங்கள். இடது 8, வலது 10 என்று ஒரு "செட்" விற்றிருக்கிறார்கள். கிரைண்டரால் வெட்டிய ஸ்பிரிங்கையும் காஸ் வெல்டிங்கால் சூடாக்கிப் படுக்க வைத்த ஸ்பிரிங்கையும் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அதைச் செய்கிறவர் இதை வாசிக்க மாட்டார்.

கொழும்புக்கென்று சில தொல்லைகள் தனி. மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களின் காரில் கடற்காற்றே மரையைப் பிடித்துவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, மரைக்கென்று உள்ள உலர் மசகு போடுங்கள். கிறீஸ் பூசினால் மண் ஒட்டி இன்னும் மோசமாகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளின் நிலக்கீழ்ப் பார்க்கிங் சரிவை, காரை இறக்குவதற்கு முன்னரே போய் அளந்து பாருங்கள். முன் பம்பர் தப்பினாலும் சரிவு முடிகிற மேட்டில் வயிறு இடிக்கும். பெருமழைக்கு ஆமர் வீதிச் சந்தி எப்படி நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பம்பருக்குப் பின்னால் தாழ்வாகக் காற்றுக் குழாய் வைத்து, காரையும் இறக்கியவர், அந்தத் தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் அதைத் தாங்குகிற கொன் ரொட் வளைந்தால் அந்தச் செலவில் மூன்று செட் கொயிலோவர் வாங்கலாம்.

எவ்வளவு இறக்கலாம் என்று கேட்டால், இந்த ஊரில் தினமும் ஓடுகிற காருக்கு நான் 20, 25 மில்லிமீற்றருக்கு மேல் போவதில்லை. 30 என்றால் ஏன் என்று கேட்பேன். அதற்கு மேல் கேட்பவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும். பூட்டிய பிறகு சில நூறு கிலோமீற்றர் ஓடினால் ஸ்பிரிங் அமர்ந்து இன்னும் கொஞ்சம் இறங்கும். அப்போது திரும்ப வந்து உயரம், போல்ட் இறுக்கம், அலைன்மென்ட் மூன்றையும் பாருங்கள். அலைன்மென்ட் பார்க்கும்போது ஓட்டுபவர் இருக்கையில் இருக்க வேண்டும், அல்லது அவர் எடைக்கு மணல் மூட்டை. ஹெட்லைட் மட்டத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள், பின்பக்கம் இறங்கிய காரின் வெளிச்சம் எதிரே வருகிற ஓட்டோக்காரரின் கண்ணில்தான் அடிக்கும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது இழுபடுகிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும், அதையாவது செய்யுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து சஸ்பென்ஷனைப் படம் எடுக்கும்போது விளக்கம் சொல்லிப் பயனில்லை.

கழற்றிய பழைய ஷொக்கையும் ஸ்பிரிங்கையும் தயவுசெய்து விற்க வேண்டாம். மேல் மவுண்ட், ரப்பர், போல்ட் எல்லாவற்றோடும் பெட்டியில் போட்டு, எது இடம் எது வலம் என்று எழுதி வையுங்கள். கொயிலோவர் எண்ணெய் கக்கினால் ஜப்பானிலிருந்து சாமான் வரும்வரை கார் ஓட அதுதான் இருக்கிறது. காரை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.