சூட் இல்லாம குதிச்ச நவோமி: அந்த ஊசி நிஜத்துல வேலை செய்யுமா?

முதல்லயே சொல்லிடறேன், தி எக்ஸ்பான்ஸ்ங்கிற விண்வெளி சீரிஸோட அஞ்சாவது சீசன் இன்னும் பாக்கலன்னா இத்தோட நிறுத்திக்கங்க, கதையோட பெரிய இடத்தையே போட்டு உடைக்கப் போறேன்.

நவோமி ஸ்பேஸ் சூட் எதுவும் போடாம ஏர்லாக்ல (உள்ள ஒரு கதவு, வெளிய ஒரு கதவு இருக்குற அறை) இருந்து பக்கத்து விண்கப்பலுக்கு குதிக்கிறாளே, அந்த எபிசோட். நேத்து ராத்திரி மூணாவது தடவையா பாத்தேன், இன்னமும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நவோமியா நடிச்ச டொமினிக் டிப்பர் வசனமே இல்லாம மூஞ்சிய வச்சே அந்த சீன தூக்கிட்டுப் போறாங்க. ஆக்சிஜன் அதிகமா ஏத்துன ரத்தம்னு ஒரு ஊசி, அத குத்திக்கிட்டு எப்படியோ பொழைச்சுக்குறா. மொத தடவ பாத்தப்ப "அடப்பாவி, இதெல்லாம் நடக்குமா, ஒடம்பு வெடிச்சிருக்குமே"ன்னுதான் தோணுச்சு, ஆனா அதுக்கப்புறம் இதப் பத்தி படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சுது, நான் நம்ப முடியாதுன்னு நெனச்ச குதி பெருசா தப்பே இல்ல, நம்பி விட்டுட்ட ஊசியிலதான் சிக்கலே இருக்கு.

வெடிக்கிற கதைய மொதல்ல முடிச்சிடலாம். வெடிக்காது. நம்ம தோல் நாம நெனைக்கிறத விட ரொம்ப கெட்டி. ஒடம்பு வீங்கும், அது நிஜம். அழுத்தம் கொறைய கொறைய தண்ணி கொதிக்கிற வெப்பநிலையும் கொறையும்ல, சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துல அது நம்ம ஒடம்பு சூடான 37 டிகிரிக்கே வந்துடும், இதுக்கு ஆம்ஸ்ட்ராங் எல்லைன்னு பேரு (நிலாவுக்குப் போனவர் இல்ல, இவர் ஹாரி ஆம்ஸ்ட்ராங்னு விமானப்படை மருத்துவர்). அதுக்கு மேல போனா தோலுக்கு அடியில, சதையில இருக்குற ஈரம் ஆவியாகி ஒடம்ப உப்ப வைக்கும். 1960ல ஜோ கிட்டிங்கர் பலூன்ல 31 கிலோமீட்டருக்கு மேல போய் குதிச்சார், ஏறும்போதே வலது கை கிளவுஸ்ல அழுத்தம் போயிடுச்சு, கை ரெண்டு மடங்கா வீங்கிடுச்சு. சொன்னா எறங்கிடச் சொல்லுவாங்கன்னு மனுஷன் கீழ இருக்கவங்ககிட்ட மூச்சு விடல. எறங்கி சில மணி நேரத்துல கை பழைய நெலைக்கு வந்துடுச்சு.

ரத்தம் கொதிக்குமான்னா, ஓடுற ரத்தம் உடனே கொதிக்காது, ஏன்னா அது ரத்தக் குழாய்க்குள்ள அழுத்தத்தோட அடைபட்டுக் கிடக்கு. நாக்குல இருக்குற எச்சிலும் கண்ணுல இருக்குற ஈரமும்தான் வெட்டவெளியில இருக்கு, அது கொதிக்கும்.

உறைஞ்சு ஐஸாவாங்கன்னு சொல்றதும் சும்மா. வெற்றிடம்னா ஃபிளாஸ்க் மாதிரி, சூட்ட எடுத்துட்டுப் போக சுத்தி காத்தே இல்ல, பெரும்பாலும் கதிர்வீச்சாத்தான் வெப்பம் வெளிய போகணும். தோராயமா ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன், ஒரு ஆளு ஒடம்புல இருந்து அப்படி போறது 850 வாட் கிட்ட வருது, 70 கிலோ ஒடம்பு அந்த வேகத்துல ஒரே ஒரு டிகிரி குளிரவே கிட்டத்தட்ட 5 நிமிஷம் ஆகும். நவோமிக்கு அவ்ளோ நேரம் ஏது.

அவளுக்கு இருக்குற நேரம் சுமார் 14 செகண்ட். இது எங்க இருந்து வந்த கணக்குன்னா, 1966 டிசம்பர்ல ஹூஸ்டன்ல நாசாவோட வெற்றிட அறையில ஜிம் லெப்ளாங்க்னு ஒருத்தர் சூட் டெஸ்ட் பண்ணிட்டு இருந்தப்ப சூட்டுக்கு காத்து போற ஹோஸ் கழண்டுடுச்சு. சுமார் 14 செகண்ட்ல ஆள் மயக்கம் போட்டு பின்னால சாஞ்சுட்டார். உடனே அறைக்குள்ள காத்த அடிச்சாங்க, பொழைச்சுக்கிட்டார். கடைசியா ஞாபகம் இருந்தது நாக்குல எச்சில் கொதிச்சு குமிழ் விட்டதுதான்னு பின்னாடி அவரே சொன்னார்.

இப்ப ஒரு கேள்வி வரணும். நீச்சல் குளத்துல முங்குனா சாதாரணமா ஒரு நிமிஷம் மூச்ச அடக்குறோமே, இங்க மட்டும் ஏன் 14 செகண்ட்? இந்த எபிசோடோட முடிச்சே இங்கதான் இருக்கு, கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.

முங்கும்போது நுரையீரல்ல காத்து இருக்கு, ரத்தம் அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆக்சிஜன எடுத்துக்கும். வெற்றிடத்துல மூச்ச அடக்கவே கூடாது, அடக்குனா உள்ள இருக்குற காத்து விரிஞ்சு நுரையீரலக் கிழிச்சுடும், அதனால மொத்தமா வெளிய விட்டாகணும். விட்டதும் நுரையீரல்ல ஆக்சிஜன் பூஜ்யம். ஆக்சிஜன் எப்பவுமே அதிகமா இருக்குற எடத்துல இருந்து கம்மியா இருக்குற எடத்துக்குத்தான் போகும், அதுக்கு உள்ள வெளியன்னு பாகுபாடெல்லாம் கெடையாது. இதுவரைக்கும் காத்துல இருந்து ரத்தத்துக்கு போயிட்டு இருந்தது இப்ப ரத்தத்துல இருந்து காலி நுரையீரலுக்கு வந்து வெளிய போயிடும். நம்ம மூச்சு உறுப்பே தலைகீழா ஓட ஆரம்பிச்சுடுது! அதுவும் மெதுவா இல்ல, ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியில (மயிரிழை மாதிரி மெல்லிசான ரத்தக் குழாய்) இருக்குறதே முக்கால் செகண்ட்தான், வாயு மாறுறதுக்கு அதுல மூணுல ஒரு பங்கு போதும். அப்படி ஆக்சிஜன பறிகொடுத்த ரத்தம் நுரையீரல்ல இருந்து இதயம் வந்து மூளைக்குப் போய் சேர எவ்ளோ நேரமோ, அவ்ளோ நேரம்தான் நாம முழிப்போட இருப்போம்.

இப்ப ஊசிக்கு வாங்க.

மொத கோளாறு, நம்ம ரத்தம் ஏற்கனவே நெறைஞ்சுதான் இருக்கு. நல்லா இருக்குற ஆளோட ஹீமோகுளோபின்ல 97, 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறித்தான் இருக்கும், மேல ஏத்த எடமே இல்ல. 100 மில்லி ரத்தம் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் தூக்கும். பெரிய சிரிஞ்ச்ல 50 மில்லி ரத்தம்னே வச்சுக்கங்க, 10 மில்லி ஆக்சிஜன் ஆச்சு. சும்மா படுத்துக் கெடக்குற ஒடம்புக்கே நிமிஷத்துக்கு 250 மில்லி வேணும். அப்ப அந்த ஊசியோட லாபம் ரெண்டரை செகண்ட் கூட இல்ல.

இதுக்கு ஒரு பதில் இருக்கு, அதுவும் கற்பனை இல்ல. 2012ல பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில ஜான் கெயிரோட குழு ஆக்சிஜன நுண்ணிய கொழுப்பு ஓட்டுக்குள்ள அடைச்சு, அந்தத் துகள்கள திரவத்துல கலந்து மூச்சுக்குழாய அடைச்ச முயல்களுக்கு ஏத்துனாங்க. மூச்சே விடாம 15 நிமிஷம் வரைக்கும் முயல் உயிரோட இருந்துச்சு. இதப் படிச்சப்ப "பாத்தியா, எழுதுனவங்க யோசிக்காம எழுதல"ன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஆனா அந்த முயல் வெற்றிடத்துல இல்லையே. கையிலயோ கழுத்துலயோ எந்த சிரையில (இதயத்துக்கு ரத்தத்த திருப்பிக் கொண்டு போற குழாய்) ஊசி போட்டாலும் மருந்து மொதல்ல வலது பக்க இதயத்துக்குப் போய், அங்க இருந்து நேரா நுரையீரலுக்குத்தான் போகும், அதுக்கப்புறம்தான் மூளை. அதாவது நவோமி உயிரக் காப்பாத்த வந்த ஆக்சிஜன் மொத வேலையா போய் நிக்கிற எடமே ஆக்சிஜன் வெளிய ஒழுகுற அந்த நுரையீரல் ஓட்டைதான். ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை. போதாததுக்கு துகளுக்குள்ள இருக்குறது வாயு, சிரையில அழுத்தம் ரொம்பக் கம்மி, வெளிய அழுத்தமே இல்லன்னா அது உள்ளயே ஊதிப் பெருத்து ரத்த ஓட்டத்த அடைக்கவும் வாய்ப்பிருக்கு.

ரசிகரா கொஞ்சம் முட்டுக் குடுக்கணும்னா, அவங்க காலத்து மருந்து நுரையீரல்ல ஆக்சிஜன விடாம கெட்டியா புடிச்சுக்கிட்டு மூளைக்குப் போனதும் மட்டும் விடுற மாதிரி செஞ்சிருப்பாங்கன்னு சொல்லிக்கலாம். கார்பன் டை ஆக்சைடு அதிகமா இருக்குற எடத்துல ஹீமோகுளோபினே ஆக்சிஜன கொஞ்சம் தாராளமா விடும், அத பல மடங்கு பெருசாக்குனா போதும்.

இல்ல, ஊசியே வேணாம், வெறும் 14 செகண்ட்ல போக முடியுமா? கால நல்லா ஊனி உந்துனா செகண்டுக்கு 3 மீட்டர்னு வச்சுக்கலாம், 42 மீட்டர் வருது. போற வழியில வேகம் கொறையாது, ஏன்னா தடுக்க காத்து இல்ல. கதவ தொறக்க மட்டும் நேரம் மிச்சம் இருக்காது.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு பாத்ததுல என்னை உறுத்துனது நவோமி இல்ல, சின். அவள தடுக்கப் போறேன்னு பின்னாடியே ஏர்லாக்குள்ள நுழைஞ்சு செத்துப் போறானே அவன். மயக்கம் போட்டா உயிர் போச்சுன்னு அர்த்தம் இல்ல. 1960கள்ல அமெரிக்க விமானப்படை நாய்கள வச்சு செஞ்ச சோதனையில (படிக்கவே கஷ்டமா இருக்கும்) ஒன்றரை நிமிஷத்துக்குள்ள காத்து திரும்பக் கெடைச்ச நாய்கள் பெரும்பாலும் எழுந்துடுச்சு. 1971ல சோயுஸ் 11ல மூணு பேர் இறந்தது வால்வு தொறந்த கேபின்ல தரையிறங்குற வரைக்கும் காத்து ஏத்த வழியே இல்லாததால. சின் கெடந்தது ஏர்லாக்ல. உள்ள இருந்தவங்க யாராச்சும் வெளிக் கதவ சாத்தி காத்த நெரப்பியிருந்தா அவன் வீங்குன மூஞ்சியோட எழுந்து உக்காந்திருக்கலாம், அடுத்த தடவ பாக்கும்போது ஸ்டாப்வாட்ச்ச வச்சுக்கிட்டு அந்தக் கதவத்தான் பாக்கப் போறேன்.