சுண்ணாம்பு ஏடுகளுக்குள் ஒரு வீட்டின் வயது

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்தில் நூறாண்டு கடந்த வீடுகளைப் புதுப்பிக்கும்போது, கொத்தனாரின் கரண்டி பட்ட இடத்தில் சுவர் ஏடு ஏடாகப் பிரிந்து வரும். வெள்ளைக்கு அடியில் வெளிர்நீலம், அதற்கடியில் புகையேறிய பழுப்பு, அதற்கும் அடியில் மறுபடி வெள்ளை. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற தடயங்களில் மிகவும் நம்பகமானது இதுவே என்பது என் கருத்து. ஆயினும் புதுப்பிக்கும் வேலையில் முதலில் சுரண்டி எறியப்படுவதும் இதுதான்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு எஞ்சுகிறது. அதை நீரூற்றி நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைக்கிறது. சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மீண்டும் கல்லாக, இறுகிவிடுகிறது. எனவே பொங்கலுக்கு முன் அடிக்கப்படும் ஒவ்வொரு வெள்ளையும், அதுவரை சுவரில் படிந்திருந்த புகைக்கரி, எண்ணெய்ப் பிசுக்கு, காவிக்கோடு, பென்சிலால் எழுதிய கணக்கு ஆகியவற்றைக் கல்லாலான மெல்லிய ஏடொன்றின் கீழ் அடைத்துவிடுகிறது. முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர்களில் இத்தகைய ஏடுகளைத் தேடிப் பயனில்லை. அவற்றைத் துடைத்தாலே போதும் என்பதால் வெள்ளையடிக்கும் தேவை எழவில்லை. அடுப்படி, பின்கட்டு, விளக்கு மாடம் போன்ற எளிய பூச்சுள்ள இடங்களில்தான் ஏடுகள் சேர்ந்திருக்கும்.

நகக்கண் அளவுள்ள ஒரு சில்லைப் பெயர்த்து, பிசினில் பதித்து, குறுக்குவெட்டாக மெருகிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வெள்ளையும் கரியும் மாறிமாறித் தெரியும். துருக்கியில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையான சாத்தல்ஹூயுக் குடியிருப்பின் சுவர்ப்பூச்சுகளையும் ஆய்வாளர்கள் இவ்வாறுதான் ஏடு ஏடாகப் படித்திருக்கிறார்கள். இன்று படுக்கையறையாக இருக்கும் ஓர் அறையின் கீழ் ஏடுகளுக்கிடையே தடித்த கரி தொடர்ந்து காணப்பட்டு, ஒரு குறிப்பிட்ட ஏட்டுக்கு மேல் அது அறவே இல்லையென்றால், அங்கு முன்பு விறகடுப்பு எரிந்தது என்றும், அந்த ஏடு பூசப்பட்ட காலத்தில் அடுப்பு இடம் மாறியிருக்க வேண்டும் என்றும் கொள்ளலாம்.

ஏடுகளின் வரிசை எது முந்தியது, எது பிந்தியது என்பதைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. ஆண்டை நெருங்குவதற்கு நிறமிகள் உதவுகின்றன. சுண்ணாம்பில் கலக்கும் நீலம் பெரும்பாலும் செயற்கை அல்ட்ராமரின். பிரஷ்ய நீலத்தைச் சுண்ணாம்பின் காரம் சிதைத்துவிடும், அல்ட்ராமரின் அதைத் தாங்கும். செயற்கை அல்ட்ராமரின் செய்யும் முறை 1828-இல்தான் அறிவிக்கப்பட்டது. டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போரின் காலத்தில் விற்பனைக்கு வந்தது. ஆகவே டைட்டானியம் இருக்கும் ஏடும் அதற்கு மேலுள்ளவை அனைத்தும் அதற்குப் பிந்தியவை. எவ்வளவு பிந்தியவை என்பதை நிறமி சொல்வதில்லை.

நாணயங்களுக்கும் ஓடுகளுக்கும் இதே தருக்கம் பொருந்துகிறது. ஆனால் அவற்றில் ஆண்டு எழுத்தில் இருப்பதாலேயே ஏமாறும் வாய்ப்பு மிகுதி. வாசல் நிலை வைக்கும்போது அடியில் நவதானியத்தோடு காசும் இடுவது நம் வழக்கம். பழைய நிலையைப் பெயர்க்கும்போது 1862 என்று பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாய் கிடைத்தால், வீடு அந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது: அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக ரூபாய்கள் அச்சிடப்பட்டன; அச்சான காசும் பல பத்தாண்டுகள் கைமாறிக்கொண்டிருந்தது. பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பு மங்களூரில் செய்த கூரை ஓட்டின் மீதுள்ள 1865 அதன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டன்று. முதல் உலகப் போரையொட்டி அத்தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அதனால் ஆண்டெண்ணைவிட ஓட்டிலுள்ள நிறுவனப் பெயரே காலத்தைச் சற்று நெருக்கமாகச் சொல்கிறது. அதுவும் ஓடு சுடப்பட்ட காலத்தைத்தான், கூரை வேய்ந்த காலத்தை அன்று.

சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது காற்றிலிருந்து கார்பனை ஏற்பதால், அதிலுள்ள கதிரியக்கக் கார்பன் காலப்போக்கில் எவ்வளவு சிதைந்து குறைந்திருக்கிறது என்பதை அளந்து அதன் வயதைக் கணிக்க முடியும். பழங்காலக் கட்டடங்களில் அவ்வாறு செய்கிறார்கள். நம் வீடுகளுக்கு இம்முறை அவ்வளவாகப் பயன்படாது. கடந்த முந்நூறு ஆண்டுகளில் காற்றின் கதிரியக்கக் கார்பன் அளவு ஏறியிறங்கியிருப்பதால், ஒரே அளவீடு பல காலங்களுக்குப் பொருந்திவிடும். இதைவிட அகச்சிவப்புப் படம் பயனுள்ளது: பென்சிலும் கரியும் அகச்சிவப்பை உறிஞ்சிக் கறுப்பாகத் தெரியும், அவற்றின் மேலுள்ள மெல்லிய வெள்ளை அதை ஓரளவு ஊடுருவ விடும். தடித்த பூச்சு ஒளியைச் சிதறடித்துவிடுவதால், ஓரிரு மெல்லிய ஏடுகளுக்குக் கீழிருக்கும் எழுத்தை மட்டுமே இவ்வாறு படிக்கலாம்.

புதிதாக வெள்ளையடிக்கும் முன் பழையதைச் சுரண்டுவது வழக்கமாதலால் சுவரின் நடுப்பகுதியில் பல ஏடுகள் போயிருக்கும். கதவு மடங்கும் மூலை, அலமாரியின் பின்புறம், மாடத்தின் உள்விளிம்பு ஆகிய இடங்களில்தான் வரிசை முழுமையாகக் கிடைக்கும். அங்கு ஒரு சாண் நீளத்தில், சிறு கத்தியால் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஏடு குறையும்படி சுரண்டி, அளவுகோலை வைத்துப் படமெடுத்தபின் மற்ற இடங்களில் வேலையைத் தொடங்கலாம். கதவிலும் சன்னலிலும் உள்ள எண்ணெய் வண்ணத்தை மட்டும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் நிறுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்ணத்தின் தூசியில் அதைப் பன்மடங்கு மிஞ்சிய ஈயம் இருக்கக்கூடும் என்பதால், நனைத்துச் சுரண்டி, துகளை ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வேலை முடியும் வரை குழந்தைகளை அந்தக் கட்டுக்குள் விடக் கூடாது.